குதிரை பக்கவாட்டில் நகர மறுக்கிறதா? முதலில் அதன் வாயைப் பாருங்கள்

2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அனுஷ் அகர்வாலா, ஹ்ருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா ஆகிய நால்வர் அணி டிரெஸ்ஸாஜ் பிரிவில் தங்கம் வென்றது. மொத்தம் 209.205 புள்ளிகள். குதிரையேற்றத்தில் இந்தியா கடைசியாகத் தங்கம் வாங்கியது 1982 டெல்லி ஆசியப் போட்டியில். நடுவில் 41 ஆண்டுகள்.

அந்த வீடியோவைப் பார்த்த பலருக்கும் வந்த சந்தேகம் ஒன்றுதான். குதிரை ஏன் நேராகப் போகாமல், கால் மேல் கால் போட்டு நண்டு மாதிரி குறுக்கே நடக்கிறது? ஓட்டுபவர் கையை அசைத்ததாகவே தெரியவில்லையே, பிறகு எப்படி அதற்குப் புரிகிறது?

இப்போது பெங்களூரு, புனே, டெல்லி பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர் வார இறுதியில் குதிரையேற்ற வகுப்புக்குப் போகிறார்கள். ஆரம்ப மாதங்களில் உட்காரவும் நிறுத்தவும் திருப்பவும் பழகிய பிறகு, ஒருநாள் பயிற்சியாளர் "இன்னைக்கு லெக் யீல்டிங் பண்ணலாம்" என்பார். அங்கேதான் பலருக்கும் வண்டி நின்றுபோகும். குதிரை கழுத்தை மட்டும் திருப்பும், வாயைத் திறக்கும், தலையைச் சாய்க்கும், ஆனால் நகராது. உடனே வரும் தீர்ப்பு: "இது பிடிவாதக் குதிரை."

பல நேரங்களில் அது பிடிவாதம் இல்லை, வலி. அந்த வலியின் இடமும் பெரும்பாலும் நம் கையின் மறுமுனையில் இருக்கிறது: குதிரையின் வாய்.

கடிவாளம் என்றால் பிரேக்கா?

தமிழில் கடிவாளம் என்ற சொல்லுக்கே அடக்குவது என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. விலைவாசிக்குக் கடிவாளம், வாய்க்குக் கடிவாளம் என்றெல்லாம் எழுதுகிறோம். குதிரைமேல் ஏறும்போதும் அதே நினைப்போடுதான் ஏறுகிறோம். இழுத்தால் நிற்கும், ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் திரும்பும் என்று.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். தலையில் மாட்டும் தோல் பட்டைகளின் தொகுப்பு பிரைடில். வாய்க்குள் போகும் உலோகத் துண்டு பிட். அதிலிருந்து உங்கள் கைக்கு வரும் இரண்டு வார்கள் ரெயின். சினிமாவிலும் லாயத்திலும் லகான் என்பார்கள். தமிழில் இந்த மூன்றையும் சேர்த்தே கடிவாளம் என்கிறோம். இந்தக் கட்டுரையில் நமக்கு முக்கியம் பிட்.

குதிரையின் வாயில் முன்பக்க வெட்டுப்பற்களுக்கும் பின்பக்க மெல்லும் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஓர் இடைவெளி உண்டு. மனிதன் குதிரையை ஓட்டக் கற்றதே இந்த இடைவெளியால்தான் என்றுகூடச் சொல்லலாம். பிட் அங்கேதான் உட்காரும். ஆனால் அந்த இடம் காலியாக இல்லை. கீழே நாக்கு. இருபக்கமும் தாடை எலும்பின் கூர்மையான விளிம்பு, அதன்மேல் மெல்லிய ஈறு மட்டும்தான். உங்கள் முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பை விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே இருக்காது. கிட்டத்தட்ட அப்படி ஓர் இடத்தில்தான் இந்த உலோகம் அழுத்துகிறது.

ஆண் குதிரைகளுக்கு அந்த இடைவெளியிலேயே பெரும்பாலும் கோரைப்பற்களும் இருக்கும். சில குதிரைகளுக்கு மெல்லும் பற்களுக்கு முன்னால் ஓநாய்ப் பல் என்று சொல்லப்படும் சின்னப் பல் ஒன்று முளைக்கும். பிட் அதில் இடித்தால் குதிரை தலையை உதறும். பயிற்சியால் தீராத பிரச்சினை இது, கால்நடை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

சரியாகப் பொருந்தியிருக்கிறதா, எப்படிப் பார்ப்பது?

சொந்தக் குதிரை வைத்திருப்பவர்கள் சிலரே. நமக்கு வகுப்பில் சைஸ், அதாவது லாயத்தில் குதிரையைப் பராமரிப்பவர், மாட்டிக் கொடுத்ததுதான் கிடைக்கும். இருந்தாலும் ஏறும் முன் ஒரு நிமிடம் எதிரில் நின்று பார்க்கலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல பள்ளி என்றால் சந்தோஷப்படுவார்கள்.

முதலில் அகலம். இரண்டு ரெயினையும் பிடித்து பிட்டை மெதுவாக நேராக்குங்கள். சுழலும் வளையம் கொண்ட ஸ்னாஃபிள் வகை என்றால், உதட்டின் ஓரத்துக்கும் வளையத்துக்கும் நடுவே இரு பக்கமும் சுமார் அரை சென்டிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். குறைந்தால் வளையத்தின் துளையில் உதடு மாட்டிக் கிள்ளும். அதிகமானால் பிட் வாய்க்குள் இடதும் வலதுமாக வழுக்கிக்கொண்டே இருக்கும். வளையம் சுழலாத வகைகள் இதைவிட நெருக்கமாக உட்காரலாம்.

அடுத்து உயரம். உதட்டோரத்தில் ஒன்று அல்லது இரண்டு சுருக்கம் தெரிந்தால் சரி என்பது பழைய கணக்கு. தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் உதட்டின் நீளம் குதிரைக்குக் குதிரை மாறும் என்பதால் சுருக்கத்தை மட்டும் நம்ப முடியாது. வாயோரத்தை விரலால் லேசாக விலக்கி, பிட் கோரைப்பல்லிலும் இடிக்காமல், மெல்லும் பல்லிலும் முட்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி. மிகவும் கீழே தொங்கினால் குதிரை நாக்கைத் தூக்கி பிட்டுக்கு மேலே போட்டுக்கொள்ளப் பழகும். அந்தப் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் மாற்றுவது பெரும் பாடு.

தடிமனில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தடித்த பிட் மென்மையானது, மெல்லிய பிட் கடுமையானது என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். பாதி உண்மை. மெல்லிய கம்பி குறைந்த பரப்பில் அழுத்தும், அதனால் கடுமை என்பது சரிதான். ஆனால் பல குதிரைகளின் வாய்க்குள் நாக்கே முழு இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். அங்கே தடித்த உலோகத்தைத் திணித்தால் அது போய் உட்கார இடமில்லை. ரெயினைத் தொடாதபோதும் நாக்கை நசுக்கிக்கொண்டே இருக்கும். "மென்மையான பிட்தானே போட்டிருக்கோம், ஏன் வாயைத் திறக்குது?" என்ற கேள்விக்குப் பல சமயம் விடை இதுதான்.

நடுவில் ஒரே மூட்டு உள்ள பிட், ரெயினை இழுக்கும்போது மடங்கும். இரண்டு மூட்டும் நடுவில் சிறு வில்லையும் உள்ள பிட் நாக்கின்மேல் இன்னும் தட்டையாகப் படியும். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அந்தக் குதிரையின் வாய்தான் சொல்ல வேண்டும்.

நெம்புகோல் உள்ள கர்ப் பிட் தனிக் கதை. அதில் ரெயின் ஒரு நீண்ட தண்டின் கீழ்முனையில் இணையும். வாய்க்கு மேலே உள்ள தண்டைப்போல் கீழே இரண்டு மடங்கு நீளம் இருந்தால், உங்கள் கையின் ஒரு சின்ன அசைவுகூட வாயிலும் தாடையின் அடியில் உள்ள சங்கிலியிலும் பல மடங்காகப் போய்ச் சேரும். கை இன்னும் நிலைக்காதவர்களுக்கு இதைக் கொடுப்பது தவறு. "ஸ்னாஃபிளுக்கு நிக்க மாட்டேங்குது, அதனால இதைப் போட்டோம்" என்று யாராவது சொன்னால், அன்றைக்கு வேறு குதிரை கேளுங்கள்.

இரண்டு விரல் விதி

பிட்டைப் பற்றிப் பேசும்போது மூக்குப் பட்டையை விட்டுவிட முடியாது. குதிரை வாயைத் திறப்பது பிட் உறுத்துகிறது என்பதற்கான அறிகுறி. மூக்குப் பட்டையை இறுக்கிக் கட்டினால் வாய் மூடிவிடும், அறிகுறி மறைந்துவிடும், உறுத்தல் அப்படியே இருக்கும். கார் டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கின்மேல் டேப் ஒட்டுவது மாதிரி.

மூக்கெலும்பின் மேல், நடுவில், இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது காலங்காலமாக உள்ள விதி. பக்கவாட்டில் விட்டுப் பார்க்கக் கூடாது. அங்கே சதையும் குழிவும் இருப்பதால் விரல் சுலபமாகப் போய்விடும். 2017இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் போட்டிகளுக்கு வந்த 750 குதிரைகளை அளந்தார்கள். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இருந்தவை 7 சதவீதம் மட்டுமே. 44 சதவீதக் குதிரைகளுக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. இவை ஏதோ கவனிப்பாரற்ற வண்டிக் குதிரைகள் அல்ல, போட்டிக் குதிரைகள். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ., விரலை நம்பாமல் தனி அளவுகருவியை 2025 முதல் போட்டிகளில் பயன்படுத்தத் தொடங்கியது.

இன்னொரு எண்ணும் உண்டு. பின்லாந்தில் வண்டிப் பந்தயம் ஓடி முடித்த 261 குதிரைகளின் வாயைச் சோதித்தபோது 84 சதவீதத்துக்கு பிட் படும் இடத்தில் புதுக் காயம் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் ரத்தம் தெரியவில்லை. வாய்க்குள் பார்த்தால்தான் தெரியும், நாம்தான் பார்ப்பதில்லை.

சரி, குதிரை எப்படிக் குறுக்கே நடக்கிறது?

பக்கவாட்டு அசைவுகள் பல. எல்லாவற்றிலும் எளியது லெக் யீல்டிங். குதிரையின் உடல் கிட்டத்தட்ட நேராக இருக்கும். முகம் மட்டும் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் லேசாகத் திரும்பியிருக்கும். நீங்கள் இடது காலால் சொன்னால் அது வலப்பக்கமாகவும் முன்னாலும் ஒரே நேரத்தில் நகரும். ஒரு பக்கக் கால்கள் மறுபக்கக் கால்களின் முன்னால் குறுக்கே போகும்.

அடுத்தது ஷோல்டர்-இன். சுவரோரமாகப் போகும் குதிரையின் முன்பாதியை மட்டும் சுமார் 30 டிகிரி உள்ளே கொண்டுவருவது. முன்னால் நின்று பார்த்தால் நான்கு கால்களும் மூன்று தடங்களில் விழும். வெளிப்பக்க முன்னங்காலும் உள்பக்கப் பின்னங்காலும் ஒரே தடம். இங்கே உள்பக்கம் என்றால் மைதானத்தின் உள்பக்கம் அல்ல, குதிரை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கம். 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பிரான்சுவா ரொபிஷோன் த லா கெரினியேர் இதை விரிவாக எழுதி வைத்தார். அவருக்குப் பின் இன்றுவரை பயிற்சியின் அடித்தளமே இதுதான். காரணம், ஒவ்வொரு அடியிலும் உள்பக்கப் பின்னங்கால் உடலின் எடைக்கு அடியில் வந்து சுமை தாங்கப் பழகுகிறது. குதிரைக்கு இது யோகாவும் ஜிம்மும் சேர்ந்த மாதிரி.

பின்பாதியை உள்ளே கொண்டுவந்தால் டிராவர்ஸ். அதன் தலைகீழ் வடிவம் ரென்வர்ஸ். டிராவர்ஸையே மூலைவிட்டமாகச் செய்தால் ஹாஃப்-பாஸ். ஹாங்சோ வீடியோவில் நீங்கள் வியந்து பார்த்தது பெரும்பாலும் இதைத்தான். இதில் குதிரை தான் போகும் திசையைப் பார்த்தபடி, அந்தத் திசைக்கே வளைந்து நகரும். லெக் யீல்டிங்குக்கு நேர் எதிர். அதனால்தான் கடினம். இதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும், எனவே இங்கே அதை விட்டுவிட்டு முதல் இரண்டோடு நிற்போம்.

கையா, காலா?

புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு காரியம் உள்பக்க ரெயினை இழுப்பது. பைக் ஹேண்டில்பார் பழக்கம். இழுத்தால் கழுத்து மடங்கும், அவ்வளவுதான். வெளிப்பக்கத் தோள் மதகு உடைந்த மாதிரி வெளியே சரியும், பின்னங்கால்கள் பழைய பாதையிலேயே போகும். முகம் திரும்பியிருப்பதால் "ஷோல்டர்-இன் வந்துவிட்டது" என்று உங்களுக்குத் தோன்றும். கீழே நிற்கும் பயிற்சியாளருக்கு மட்டும்தான் வரவில்லை என்று தெரியும்.

உண்மையில் வேலை நடப்பது இப்படி. மைதானத்தின் மூலையில் 10 மீட்டர் வட்டம் ஒன்று போடுங்கள். அந்த வட்டத்திலேயே குதிரை உங்கள் உள்பக்கக் காலைச் சுற்றி வளைந்துவிடும். வட்டம் முடிந்து இரண்டாவது வட்டத்துக்குக் கிளம்புவதுபோல முதல் அடியை எடுத்ததும், வட்டத்தைத் தொடராமல், உள்பக்கக் காலை வயிற்றுப் பட்டைக்கு அருகில் லேசாக அழுத்தி "இந்தச் சுவரோரமாகவே போ" என்று சொல்ல வேண்டும். வெளிப்பக்கக் கால் சற்றுப் பின்னால், பின்பாதி வெளியே ஓடிவிடாமல் காவல். வெளிப்பக்க ரெயின்தான் தோளைப் பிடித்து வைக்கிறது, கோணத்தையும் வேகத்தையும் தீர்மானிக்கிறது. உள்பக்க ரெயினுக்குள்ள வேலை, குதிரையின் உள்பக்கக் கண்ணிமை உங்களுக்குத் தெரியும் அளவுக்கு முகத்தைத் திருப்பிக் கேட்பது மட்டும். கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். அந்தக் கை மென்மையாக இருக்கிறதா என்று சோதிக்க, உள்பக்க ரெயினை ஓர் அடி தூரம் தளர்த்திப் பாருங்கள். வளைவு அப்படியே இருந்தால் அது காலால் வந்தது. கலைந்தால் அது நீங்கள் இழுத்து வைத்திருந்தது.

மூன்று நான்கு அடி நன்றாக வந்ததும் நேராக்கிப் பாராட்டுங்கள். மைதானம் முழுக்க மோசமாகச் செய்வதைவிட இதில் குதிரை அதிகம் கற்கும். இந்த அசைவில் பயன்படும் தசைகள் சீக்கிரம் களைத்துவிடும். பத்தாவது அடியில் அது "மறுக்கிறது" என்றால், முடியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளுக்கே உரிய ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. அங்குள்ள குதிரைகளில் கணிசமானவை ரேஸ் ஓடி ஓய்வு பெற்ற தரோப்ரெட்கள். பந்தயத்தில் ஜாக்கி ரெயினை எட்டிப் பிடித்தால், குதிரை பிட்டின்மேல் சாய்ந்து வேகமெடுக்கும். அதற்கு வாழ்க்கை முழுவதும் பழக்கியது அதுதான். பயத்தில் நீங்கள் இரண்டு ரெயினையும் இறுகப் பிடித்தால் நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று அது எடுத்துக்கொள்ளாது, ஓடச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட குதிரைக்குக் கடுமையான பிட் மாட்டுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றும் வேலை. மாறாக, மெதுவான நடையில் லெக் யீல்டிங் கற்றுக்கொடுத்தால், ரெயினை இழுக்காமலேயே காலுக்குப் பதில் சொல்லும் பழக்கம் வருகிறது. அதனால்தான் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் பதற்றமான குதிரையை நேராக ஓடவிடாமல் பக்கவாட்டில் நடக்க வைக்கிறார்கள்.

பக்கவாட்டுப் பயிற்சி பிட்டின் குறையை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

நேராகப் போகும்போது இரண்டு ரெயினிலும் எடை ஏறக்குறைய சமம். பொருந்தாத பிட்டைக்கூடக் குதிரை எப்படியோ சமாளித்துக்கொள்ளும். பக்கவாட்டில் போகும்போது ஒரு ரெயினின் வேலை மாறுகிறது. அகலம் அதிகமான, நடுமூட்டு பிட் அப்போது ஒரு பக்கமாக வழுக்கும். மூட்டு நாக்கின் நடுவிலிருந்து விலகி ஒரு பக்கத் தாடை விளிம்பை நோக்கிப் போகும். அந்த நொடியில் குதிரை தலையைச் சாய்க்கும்: ஒரு காது மேலே, ஒரு காது கீழே. டிரெஸ்ஸாஜ் நடுவர்கள் ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும்போது இந்தச் சாய்வைக் குறித்துக் குறைப்பார்கள். வாயில் ரத்தம் தெரிந்தால் எஃப்.இ.ஐ. போட்டியிலிருந்தே வெளியேற்றம்.

இடப்பக்கம் நன்றாக வந்து வலப்பக்கம் மட்டும் வரவில்லை என்றால், நம்மில் வலக்கை, இடக்கைப் பழக்கம் இருப்பதுபோல அது குதிரையின் இயல்பான ஒருபக்கச் சாய்வாக இருக்கலாம். உங்கள் இடுப்பு ஒரு பக்கம் மடங்கியிருக்கலாம்; இது நினைப்பதைவிட அதிகம் நடக்கும், லேப்டாப் முன் நாள் முழுக்க உட்காருபவர்களுக்கு இன்னும் அதிகம். ஆனால் திடீரென்று ஒரு வாரத்தில் இந்த மாற்றம் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிரையின் பற்கள் தொடர்ந்து வெளியே வந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருப்பவை. அவற்றின் ஓரங்கள் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும், மூக்குப் பட்டை அந்த இடத்தை உள்ளே அழுத்தும். வருடத்துக்கு ஒரு முறையாவது மருத்துவர் அவற்றை ராவிச் சமன்படுத்த வேண்டும். பல் சரி என்றால் சேணம், முதுகு. அதுவும் சரி என்றால் பிட். அதன்பிறகு ஓட்டுபவர். பிடிவாதம் என்ற முடிவுக்கு இத்தனையும் தாண்டித்தான் வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

விளையாட்டு மைதானத்துக்கு வெளியே, திருமண ஊர்வலத்திலும் சுற்றுலாத் தலங்களிலும் வண்டிகளிலும் நிற்கும் குதிரைகளின் வாயில் சில சமயம் முள் வைத்த பிட்டைப் பார்க்கலாம். வாய்க்குள் போகும் கம்பியிலேயே கூர்முனைகள் இருக்கும். 1965ஆம் ஆண்டின் வண்டி மற்றும் பொதி சுமக்கும் விலங்குகள் மீதான வதைத் தடுப்பு விதிகளின் 8ஆவது விதி, முள்ளோ புடைப்போ உள்ள பிட், குச்சி, நுகம் எதையும் விலங்கைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்கிறது. ஓட்டுவதற்கும் வண்டி இழுப்பதற்கும் இரண்டுக்கும் பொருந்தும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை பேசும்போது "பிட்டைக் காட்டுங்க" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வகுப்பு முடிந்து இறங்கியதும்

பிரைடிலைக் கழற்றும்போது காதுக்குப் பின்னால் உள்ள பட்டையை எடுத்துவிட்டு, பிட்டைச் சட்டென்று இழுக்காதீர்கள். வெட்டுப்பல்லில் இடிக்கும், அடுத்த முறை மாட்ட வரும்போது தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பட்டையைக் கையில் தாங்கிக் காத்திருங்கள், அதுவே வாயைத் திறந்து விடும். பிறகு பிட்டைத் தண்ணீரில் கழுவுங்கள். காய்ந்த எச்சிலும் புல்லும் அடுத்த நாள் உப்புத்தாள் மாதிரி உராயும். கழுவாத பிட்டை ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் நோயும் சேர்ந்து போகும். குதிரையிலிருந்து மனிதருக்கும் பரவக்கூடிய கிளாண்டர்ஸ் இன்னும் நம் நாட்டில் இருக்கிறது.

கடைசியாக உதட்டின் இரு ஓரங்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். தோல் உரிந்தோ, இளஞ்சிவப்பாகவோ, தடித்தோ இருந்தால் போனில் ஒரு படம் எடுத்து, எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துப் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். அது ஆறும்வரை அந்த வாயில் பிட் வேண்டாம். அடுத்த சனிக்கிழமை உங்களுக்கு வேறு குதிரை கிடைக்கும்.